பதினொரு பட்டிகளுக்கு இடைப்பட்ட தூரம்

காலையில் கண் விழித்ததும் நான் செய்கிற முதல் வேலை என்னவென்று என் மாணவர்களுக்குத் தெரிந்தால், அடுத்த நாள் விரிவுரை மண்டபத்தில் கதிரைகள்தான் இருக்கும். பல் விளக்குவதற்கு முன், தேத்தண்ணிக்கு முன், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி எழும்பிவிட்டாளா என்று பார்ப்பதற்கும் முன், தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, உலகத்தில் எங்காவது யாராவது என் ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். இணையத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் இருக்கிறது. அதில் நாம் எழுதியவை எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலான காலைகளில் என் எண்கள் நேற்று விட்ட இடத்திலேயே நிற்கின்றன. இரவு முழுக்க உலகம் என்னை நினைக்காமல் இருந்திருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் அது பகல் என்று யோசித்தால் இன்னும் கொஞ்சம் கசக்கும்.

இதைவிடக் கேவலமானதும் உண்டு. ஒருமுறை ஒரு கட்டுரையின் கடைசியில் பதினான்கு உசாத்துணைகள் கொடுத்திருந்தேன். அவற்றில் ஒன்பது நான் எழுதியவை. சஞ்சிகையின் ஆசிரியர் மிகவும் மரியாதையாக, "இந்தத் துறையில் வேறு எவரும் வேலை செய்வதில்லையா?" என்று கேட்டு எழுதினார். "மிகச் சிலரே" என்று பதில் போட்டேன். போட்டதோடு நிற்காமல் அந்தப் பதிலை மனைவிக்கு வாசித்தும் காட்டினேன்.

என் துறை வைரஸ். பெருந்தொற்றுக் காலத்தில் அதுவரை என்னைக் கண்டுகொள்ளாத சொந்தக்காரர்கள் எல்லாரும் போன் எடுத்து ஆலோசனை கேட்டார்கள். நான் ஆராய்வது ஆட்டின் வாயைச் சுற்றிப் பொருக்கு வரவைக்கிற வைரஸ் என்று சொன்னதும், சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த வருத்தம், அதாவது நோய், வந்தாலும் ஆடு பெரும்பாலும் சாவதில்லை. சில கிழமை தின்னக் கஷ்டப்படும், குட்டி பால் குடிக்க முடியாமல் மெலியும், பிறகு தானாகவே மாறிவிடும். இத்தனை வைரஸ்கள் உள்ள உலகத்தில் இப்படிச் சாதுவான ஒன்றைத் தேடிப் பிடித்தது என் சுபாவத்துக்கு ஏற்ற காரியம்தான் என்பது மனைவியின் அபிப்பிராயம். அவள் ஊர்காவற்றுறையில் கணிதம் படிப்பிக்கிறவள். அபிப்பிராயங்களை விடையெழுதிக் கீழே இரண்டு கோடு போடுவதுபோலத்தான் சொல்லுவாள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆவதற்கு வயது மட்டும் போதாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. எச் சுட்டெண் என்று ஒன்றைப் பார்க்கிறார்கள். அதன் கணக்கு எளிது. ஆறு பேராவது மேற்கோள் காட்டிய கட்டுரைகள் உங்களிடம் ஆறு இருந்தால் உங்கள் எண் ஆறு. ஏழு பேராவது காட்டியவை ஏழு இருந்தால் ஏழு. என் எண் ஆறில் நின்றது. மூன்று வருடமாக நின்றது. விண்ணப்பம் போட்டபோது பீடாதிபதி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏழெண்டால் பார்க்க வடிவா இருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழாவது கட்டுரைக்கு ஒரேயொரு மேற்கோள்தான் குறைவாக இருந்தது. என்னுடைய அடுத்த கட்டுரையில் நானே அதைக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஆசிரியரின் கடிதத்துக்குப் பிறகு கொஞ்சம் கூச்சம் வந்திருந்தது.

என் பெயரை உலகம் கொஞ்சமாவது அறிந்திருந்தது என்றால் அது ஒரேயொரு கட்டுரையால். நெடுந்தீவு ஆடுகளைப் பற்றியது. மற்றக் கட்டுரைகளை நானும் எனக்குப் பயந்த மாணவர்களும்தான் மேற்கோள் காட்டினோம். நெடுந்தீவுக் கட்டுரையை மட்டும் முன்பின் தெரியாத நாடுகளில் இருக்கிறவர்கள் தாங்களாகவே காட்டினார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான்கு நாள் அங்கே நின்று செய்த வேலை அது. நெடுந்தீவில் ஆடுகள் வெளியில் அவிழ்த்துவிட்டபடி மேயும். எந்த ஆடு யாருடையது என்பதைக் காதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு விதமான வெட்டு இருக்கும்: காது நுனியில் ஒன்று, ஓரத்தில் இரண்டு, அடியில் ஒரு துளை, இப்படி. கொழும்பிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளனுக்கு இது தெரிந்திருக்காது. நான் ஊர்காவற்றுறைக்காரன், அதுவும் தீவுதான். தீவானுக்குத் தீவைப் பற்றி யாரிடம் என்ன கேட்க இருக்கிறது? பொழுதுபடும் நேரம் ஆடுகள் தண்ணீர் குடிக்க வருகிற தொட்டியடியில் போய் நின்றேன். அங்கே நின்ற ஓர் அக்காவிடம் ஆட்டைப் பிடித்துத் தரமுடியுமா என்று கேட்டேன். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துத் தந்தார். நான் காதைப் பார்த்துக் குறிப்பெடுத்துவிட்டு வாயில் உள்ள பொருக்கைச் சுரண்டிப் போத்தலில் போட்டேன். அந்த ஆடுகள் அவர் கைக்கு அடங்கி நின்ற விதத்தைப் பார்த்து, தீவுப் பெண்களுக்கு ஆடுகளோடு எவ்வளவு பழக்கம் என்று வியந்தேன். வியந்ததோடு சரி. ஏன் என்று கேட்கவில்லை.

பதினொரு விதமான காது வெட்டுகளை எண்ணினேன். பதினொரு குடும்பங்கள், ஆகவே பதினொரு மந்தைகள். ஆய்வுகூடத்தில் வைரஸைப் பிரித்துப் பார்த்தபோது பதினொன்றிலும் இருந்தது ஒரே வைரஸ், மரபணுவில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொரு மந்தையும் தன் கொட்டிலுக்குப் போய்விடும் என்று நானாகவே முடிவுகட்டினேன். தனித்தனிக் கொட்டில்களில் நிற்கிற, ஒன்றையொன்று தொடாத மந்தைகளுக்கு இடையில் இந்த வைரஸ் இவ்வளவு சுலபமாகத் தாவுகிறது என்று எழுதினேன். நிலத்தில் உதிர்ந்த பொருக்கே போதும் என்றும் எழுதினேன். அந்த ஒரு வசனத்தைத்தான் உலகம் மேற்கோள் காட்டியது. காது வெட்டாத ஆடுகளும் சில இருந்தன. அவற்றை அட்டவணையில் "உரிமை கோரப்படாதவை" என்று போட்டேன். கட்டுரையின் முடிவில் "ஆடுகளைப் பிடித்து உதவிய உள்ளூர்ப் பெண்மணிக்கு" நன்றி சொன்னேன். அந்த நன்றியைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

பேராசிரியர் பதவிக்கான நேர்முகத்துக்கு மூன்று கிழமையும் சில நாளும் இருக்கும்போது, தூர நாடொன்றிலிருந்து ஒரு விஞ்ஞானி மின்னஞ்சல் போட்டிருந்தார். மந்தைகளுக்கு இடையில் நோய் எப்படி நகர்கிறது என்பதைக் கொம்பியூட்டரில் கணக்கிடுகிறவர். என் கட்டுரையைத் தன் புதிய வேலைக்கு அத்திவாரமாக எடுக்கப் போகிறாராம். ஒரு சிறு உதவி மட்டும் வேண்டுமாம். பதினொரு மந்தைகளுக்கும் இடைப்பட்ட தூரங்களை மீற்றரில் தரமுடியுமா?

அந்த மின்னஞ்சலை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். அத்திவாரம் என்கிறார். அத்திவாரம் போடுகிறவர் ஏழாவது கட்டுரையையும் ஒரு கல்லாக வைக்கக்கூடும். அடுத்த சனிக்கிழமை ஓர் அளவுநாடாவும் வாங்கிக்கொண்டு, புங்குடுதீவால் போகிற பஸ்ஸில் குறிகாட்டுவானுக்குப் போய்ப் படகேறினேன்.

எந்த மந்தை எங்கே நிற்கிறது என்று காட்ட எனக்குத் தெரிந்த ஒரே ஆள், முன்பு ஆடு பிடித்துத் தந்த அந்த அக்காதான். அவருடைய வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. இறங்குதுறையில் விசாரித்தபோது, "ஆட்டுக்கார அக்காவோ?" என்றார்கள். அந்தச் சொல்லிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கல்வேலிக்கு அப்பால் முதலில் கேட்டது அவருடைய குரல்.

"பாரிஸ், அங்கால போ! உனக்கு இப்பத்தானே வைச்சனான். லண்டன் எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டு நிக்குது!"

வளவு முழுக்கப் பனைமட்டையால் கட்டிய சின்னச் சின்ன அடைப்புகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலைந்து ஆடுகள். அக்கா ஒரு கையில் வாளியோடு, மறுகையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஓர் அடைப்பிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா, என்னை ஞாபகம் இருக்கோ? முந்தி ஒருக்கா ஆட்டில பொருக்கு எடுக்க வந்தனான்."

"இல்லாமல்? நான் பிடிக்கப் பிடிக்க நீர் உரிச்சனீர். ரெண்டு நாளா நிமிர ஏலாமக் கிடந்தனான். இரும் தம்பி, ரொறன்ரோவுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வாறன்."

"இதென்ன அக்கா, இத்தினை அடைப்பு?"

அவர் வாளியை நிலத்தில் வைத்தார். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல இருந்தது.

"அதையேன் கேக்கிறீர்! ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நோட்டீஸ் வந்தது. ஒவ்வொருத்தற்ற ஆட்டையும் வேற வேறயா அடைக்கோணுமாம். ஒருத்தற்ற ஆடு மற்றவற்ற ஆட்டின்ர நிலத்தில மிதிக்கக் கூடாதாம். வருத்தம் பாஞ்சு போகுமாம். அதை எழுதின விசரன் ஆரெண்டு தெரியேல்லை. சீவியத்தில ஆடு கண்டிராத ஆளாத்தான் இருக்கோணும். கொழும்பில குந்தியிருந்து எழுதியிருப்பான்."

அந்த நோட்டீஸ் என் கட்டுரையின் சாரம். நானே எளிய தமிழில் எழுதிக் கால்நடை அலுவலர்களுக்கு அனுப்பிவைத்தது. விண்ணப்பப் படிவத்தில் "சமூகத்துக்கு ஆற்றிய பணி" என்ற தலைப்பின் கீழ் அதுதான் முதலாவதாக இருக்கிறது.

"கொழும்பாத்தான் இருக்கும்," என்றேன்.

பேச்சை மாற்ற, இந்த ஆடுகளெல்லாம் யாருடையவை என்று கேட்டேன். அக்கா ஒவ்வோர் அடைப்பாகக் கை காட்டினார். இது ரொறன்ரோ. இது பாரிஸ். அது சூரிச், குணம் சரியில்லை, முட்டும். அங்கால நோர்வே. கொழும்பு வெள்ளவத்தைக்காரரின்ர ஆடு இந்த முறை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஆக்கள் ஊரைவிட்டுப் போகும்போது தங்கள் ஆட்டை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறக்கிற குட்டிகளில் பாதி வளர்க்கிறவருக்கு, பாதி உடையவருக்கு. உடையவரின் பங்குக்கு வருகிற குட்டிக்கு அவர்களுடைய குடும்பத்து வெட்டையே காதில் போட்டுவிடுவார்.

"போன் எடுத்துக் கேப்பினம் தம்பி, எங்கட ஆடு இப்ப எத்தினை எண்டு. ரொறன்ரோக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுப்பார். போன கிழமையிலும் பார்க்க ஒண்டு கூடச் சொன்னால் பெரிய புழுகம், சிரிப்பு இஞ்ச மட்டும் கேக்கும். வந்து பாக்கவும் மாட்டார், வித்துத் தாவெண்டு கேக்கவும் மாட்டார். கூடியிருக்கோணும், அவ்வளவுதான்."

அந்த ரொறன்ரோக்காரரை நான் கண்டதில்லை. ஆனால் அவர் காலையில் எழும்பி முதல் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, நான் முந்தி வரேக்க இந்த ஆடெல்லாம் எங்க நிண்டது?"

"இஞ்சதான்."

"இந்த வளவிலயோ?"

"ஒரே கொட்டில், ஒரே தொட்டி. பின்ன என்ன, பாரிசிலயோ நிண்டது?"

நான் அவருடைய கொட்டில் திண்டில் உட்கார்ந்தேன். மயக்கம் வரவில்லை. ஆனால் அதற்கு ஆயத்தமாக இருந்தேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

"நீர் கேக்கேல்லையே. காதைக் காதைப் பாத்து மளமளவெண்டு எழுதினீர். எல்லாம் தெரிஞ்ச ஆளாக்குமெண்டு நான் வாயைத் திறக்கேல்லை."

"காது வெட்டாத ஆடு கொஞ்சம் நிண்டுதே?"

"அது என்ர. என்ர ஆட்டை எனக்குத் தெரியாதே? அதுக்கேன் பாவம் காதை வெட்டுவான்?"

தூர தேசங்களில் இருக்கிற நிபுணர்கள் "உரிமை கோரப்படாதவை" என்று வாசிக்கிற ஆடுகளின் உரிமையாளர் என் முன்னால் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே கொட்டிலில் நின்று, ஒரே தொட்டியில் வாய் வைத்த ஆடுகள் எல்லாவற்றிலும் ஒரே வைரஸ் இருந்தது என்பதுதான் என் கண்டுபிடிப்பு. கொழும்பிலிருந்து வந்த ஒருவனாக இருந்திருந்தால் முதல் நாளே "இது யாருடைய ஆடு?" என்று கேட்டிருப்பான். அவனுக்குக் காது வெட்டைப் பற்றித் தெரிந்திருக்காது.

"அக்கா," என்றேன். "அந்த நோட்டீஸ் நான் எழுதினது."

அவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"நீரோ?"

"ஓம்."

"இப்பத்தானே கொழும்பெண்டனீர்?"

"அச்சடிச்சது கொழும்பில."

அவர் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். சீனி போடாமல் தந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

"அப்ப இதுகளைப் பிரிச்சு எறியலாமோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. வாயில புண் உள்ளதை மட்டும் தனிய விட்டால் காணும்."

"அதைத்தானே நாங்கள் முந்தியே செய்தனாங்கள்." கையை நீட்டினார். "வாயால சொல்லாதையும், எழுத்தில தாரும். அந்த ஒபிசர் தம்பி மூண்டு மாசத்துக்கொருக்கா வந்து அடைப்பை எண்ணிப் பாக்கிறவர். அடைப்பு இல்லாட்டி ஊசி போடமாட்டனெண்டு சொல்லிப்போட்டார்."

குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முந்தைய அறிவுறுத்தல் பிழையானது, இதனால் மீளப் பெறப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். என் எழுத்துவாழ்க்கையிலேயே உடனடியாகவும் முழுமையாகவும் வாசிக்கப்பட்ட ஆக்கம் அது.

இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த நேரம் அந்தக் கால்நடை அலுவலரின் போன் இலக்கத்தைத் தேடி எடுத்துக் கதைத்தேன். பெயரைச் சொன்னதும் அவர் கதிரையைத் தள்ளி எழும்புகிற சத்தம் கேட்டது.

"சேர், நீங்களோ! உங்கட நெடுந்தீவுக் கட்டுரையை நான் ரெண்டு தரம் வாசிச்சனான் சேர். முதலில இருந்து கடைசி மட்டும்."

என் கட்டுரையைக் கடைசிவரை வாசித்த ஒரே மனிதர் என்னிடம் அகப்பட்ட நாளில்தான் அது பிழையென்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"நீங்கள் சொன்னால் சரிதான் சேர். ஆனால் மேல கேட்டால் நான் என்ன சொல்லுறது? ஒண்டு அச்சில கிடக்கு, ஒண்டு கைக்கடதாசியில கிடக்கு. அச்சில வந்ததை அச்சிலதானே சேர் மாத்தோணும்?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனையை மூடாமல் கேட்டாள்.

"சஞ்சிகைக்குத் திருத்தம் அனுப்பினால் வர எவ்வளவு நாள் செல்லும்?"

"இணையத்தில எண்டால் ரெண்டு, மூண்டு கிழமை."

"இன்ரவியூ?"

"மூண்டு கிழமை."

"அப்ப இன்ரவியூவுக்கு முதலே வந்திடும்."

"அதுதான் யோசிக்கிறன். இன்ரவியூ முடிய அனுப்பினால் என்ன? திருத்தத்தானே போறன், ஓடி ஒளியேல்லையே. மூண்டு கிழமையில உலகம் அழிஞ்சு போயிடாது."

"அந்த மனிசி எத்தினை அடைப்புக்குத் தண்ணி வைக்கிறா?"

"பதினொண்டு. தன்ர ஆட்டோட பன்ரண்டு."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"காலமையும் பின்னேரமும்."

திருத்திக்கொண்டிருந்த கொப்பியின் ஓரத்திலேயே இருபத்தொரு நாளால் பெருக்கினாள். பாவம், அது எந்தப் பிள்ளையின் கொப்பியோ.

"ஐந்நூற்று நாலு வாளி," என்றாள். "பேராசிரியருக்கு."

எழுதத் தொடங்கினேன். முதல் வரைவில், மந்தை என்ற சொல்லின் வரையறையை உள்ளூர் வளர்ப்பு முறைகளின் பின்னணியில் விரிவாக நோக்க இடமுண்டு என்று எழுதியிருந்தேன். மனைவி வாசித்துவிட்டு, "என்ன சொல்லுறியள்?" என்றாள். இரண்டாவது வரைவில் தரவுச் சேகரிப்பின் எல்லைகள் வந்தன. "இப்பவும் என்ன சொல்லுறியள்?" என்றாள். ஐந்தாவது வரைவு இப்படி இருந்தது: கட்டுரையில் கூறப்பட்ட பதினொரு மந்தைகளும் ஒரே மந்தை. ஒரே கொட்டிலில் நின்றவை. உரிமை கோரப்படாதவை என்று குறித்த ஆடுகள் அவற்றை வளர்த்தவருக்குச் சொந்தமானவை. ஆசிரியர் அவரிடம் கேட்கவில்லை. "இது விளங்குது," என்று சொல்லிவிட்டு அவள் கொப்பிகளுக்குத் திரும்பினாள். அனுப்பினேன். கையோடு அந்தத் தூர நாட்டு விஞ்ஞானிக்கும் தூரத்தை எழுதினேன். பூச்சியம் மீற்றர். அளவுநாடா இன்னும் உறையோடு இருக்கிறது.

அவருடைய பதில் இரண்டே வரி. மிகவும் நன்றி. கணக்குப் போடுவதற்குப் பூச்சியத்தைப் போல வசதியான தூரம் வேறில்லை.

நேர்முகத்துக்கு இரண்டு நாளைக்கு முன் திருத்தம் வெளியாகிவிட்டது. நேர்முகத்தன்று தெரிவுக்குழுவின் கையில் இருந்த பட்டியலில் என் ஆகக் கடைசிப் பிரசுரமாக அதுவே இருந்தது. ஓர் உறுப்பினர் திருத்தத்தைத் தனிப் பிரசுரமாகக் கணக்கெடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்று ஒருவர், ஏலாது என்று இன்னொருவர். அரைப் புள்ளி கொடுக்கலாம் என்று மூன்றாமவர். தேத்தண்ணி வந்து ஆறுகிற நேரம் வரை அது நடந்தது. திருத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அரைப் புள்ளியோடு வெளியே வந்திருப்பேன்.

வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பேராசிரியர் மட்டும் கடைசியில், "அது சரி, எதைத் திருத்தினீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் எல்லாம் வந்துவிட்டன. ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப உங்கட முக்கியமான கண்டுபிடிப்பு எண்டு இனி எதைச் சொல்லுறது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

விண்ணப்பம் ஒத்திவைக்கப்படுவதாகவும், திருத்தப்பட்ட பிரசுரப் பட்டியலோடு பின்னர் மீள விண்ணப்பிக்கலாம் என்றும் கடிதம் வந்தது. அன்று காலையும் வழக்கம்போல் போனைப் பார்த்திருந்தேன். தூர நாட்டு விஞ்ஞானி தன் கட்டுரையின் முதல் வடிவத்தை இணையத்தில் போட்டிருந்தார். அதில் என் கட்டுரையையும் திருத்தத்தையும் மேற்கோள் காட்டியதோடு, நல்ல மனத்தோடு அந்த ஏழாவது கட்டுரையையும் சேர்த்திருந்தார். என் எண் ஏழாகியிருந்தது. பீடாதிபதி சொன்னது சரி. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை திருத்தத்தை அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, நெடுந்தீவுக்குக் கொண்டுபோனேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு பனைமட்டையையாவது நானே பிடுங்க வேண்டும் என்றும் நினைத்திருந்தேன்.

வளவில் ஓர் அடைப்பும் இல்லை. மட்டைகள் குசினிச் சுவரோரம் விறகாக அடுக்கிக் கிடந்தன. பாதிக்கு மேல் எரிந்து முடிந்திருந்தது. ரொறன்ரோவும் பாரிசும் சூரிச்சும் ஒரே தொட்டியில் முண்டியடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றன.

"எப்ப அக்கா பிரிச்சனீங்கள்?"

"நீர் எழுதித் தந்த அண்டைக்கே. உம்மட படகு போய்ச் சேந்திருக்காது, அதுக்குள்ள சூரிச்சைத் திறந்துவிட்டிட்டன்."

"ஒபிசர் வரேல்லையோ?"

"வந்தவர். உம்மட கடதாசியைக் காட்டினன். அச்சில வரட்டும் எண்டார். வரேக்க வரட்டும், இப்ப தேத்தண்ணியைக் குடியும் எண்டன். குடிச்சிட்டு எல்லாத்துக்கும் ஊசி போட்டிட்டுப் போனார், நல்ல பிள்ளை."

நான் கொண்டுபோன தாளை நீட்டினேன். இதை அச்சில் கொண்டுவருவதற்காகக் கைக்கு வந்த பேராசிரியர் பதவி தள்ளிப்போய்விட்டது என்பதை, பெரிதுபடுத்தாத குரலில், ஆனால் அவருக்கு விளங்கும்படியாகச் சொன்னேன். அக்கா தாளை வாங்கி, உறையைத் தடவிப் பார்த்து, பின்பக்கம் ஒன்றும் இல்லை என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டு திருப்பித் தந்தார்.

"அது நீர் செய்த பிழை தம்பி, நீர்தானே திருத்தோணும்," என்றார். "ஆடு என்ன, அச்சில வருமட்டும் தாகத்தோட நிக்குமே?"